டிவி வாங்குவதற்கு முன், ஒரு மெக்கானிக் சொல்வதையும் கேளுங்கள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் கடையைத் திறந்தால் வாசலில் ஒரு டிவியாவது எனக்காகக் காத்திருக்கும். ஒரு வருடம் ஓர் அம்மா, 43 இன்ச் டிவியைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். "தம்பி, நான் ஒண்ணுமே பண்ணலப்பா. ஈரத்துணியால நல்லாத் துடைச்சுப் பொட்டு வச்சேன், அவ்வளவுதான்" என்றார். போட்டுப் பார்த்தேன். படத்தின் இடது பக்கம் முழுக்க நெட்டு நெட்டாகக் கோடு. நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு. கீழ் மூலைப் பொட்டிலிருந்து வழிந்த சந்தனத் தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கிய தடம்கூடக் காயாமல் இருந்தது.

அந்தச் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. திரைக் கண்ணாடியின் விளிம்பில் ஃபிலிம் போல மெல்லிய பட்டைகள் ஒட்டியிருக்கும். தொழிலில் அதைக் காஃப் என்போம். திரையின் ஒவ்வொரு வரிசைக்கும் சிக்னல் அதன் வழியாகத்தான் போகிறது. அதில் ஈரம் பட்டு, கரண்டும் வந்தால் முடிந்தது கதை. பேனலை, அதாவது திரையையே, மாற்ற வேண்டும். பேனல் விலையைக் கேட்டால் புது டிவியே வாங்கிவிடலாமே என்று தோன்றும்.

நான் மன்னார்குடியில் 1993இல் தொழில் பழகியவன். அப்போது சாலிடேர், டயனோரா எல்லாம் மேஜையில் குவிந்து கிடக்கும். அந்தப் பெட்டி டிவியின் முகம் விரல் மொத்தத்துக்குக் கண்ணாடி. ஈரத்துணியால் துடைத்தாலும், விபூதிப் பட்டை போட்டாலும், கிரிக்கெட்டில் தோற்ற கோபத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாலும் தாங்கும். இப்போது வரும் தட்டை டிவி அந்தச் சாதி இல்லை. பழைய பழக்கத்தோடு புது டிவியை வீட்டுக்குள் கொண்டுவருவதில்தான் பாதித் தகராறு. என் கடைக்கு வரும் டிவிகளில் நிறைய, தானாகக் கெட்டவை அல்ல. வீட்டில் வைத்த இடம், வந்த கரண்ட், துடைத்த துணி, இந்த மூன்றில் ஒன்றால் கெட்டவை. அதனால் கடைக்குப் போவதற்கு முன் வீட்டைப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் டேப்பும் பழைய பேப்பரும்

டிவி அளவு என்பது மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. 43 இன்ச் என்றால் அகலம் 43 இன்ச் இல்லை. ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், அதாவது மூன்றடிக்குச் சற்று மேல். 55 இன்ச் டிவி நான்கடி அகலம். 32 இன்ச் டிவி சட்டத்தோடு சேர்த்து 72, 73 சென்டிமீட்டர் வரும். தொண்ணூறுகளில் கட்டிய வீட்டில், 21 இன்ச் பெட்டி டிவிக்கென்று ஷோகேஸில் ஒரு குழி விட்டிருப்பார்கள். அதில் 32 இன்ச் உட்காரும் என்று நம்பி வாங்கிவந்து, ஆசாரியைக் கூப்பிட்டுத் தேக்குப் பலகையை அறுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எனவே இரண்டு மூன்று செய்தித்தாளை ஒட்டி, வாங்க நினைக்கும் அளவுக்கு வெட்டி, சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆறடி தூரத்துக்கு 43 தாராளம். எட்டடி என்றால் 55 வரை போகலாம். பத்தடி அறையில் நாலடி தள்ளிக் கட்டில் கிடக்கும் வீட்டுக்கு 65 வாங்கினால், டென்னிஸ் பார்ப்பது போலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

உயரம் இன்னொரு விஷயம். மாட்ட வருகிற பையன் நின்றபடி அளந்து, தன் கண் மட்டத்துக்கு மாட்டிவிட்டுப் போய்விடுவான். நீங்கள் நின்றா பார்க்கப்போகிறீர்கள்? சோபாவில் உட்கார்ந்தால் கண் மட்டம் மூன்றரை அடி. பாயில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டே சீரியல் பார்க்கிற வீடு என்றால் இரண்டரை அடிதான். திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்தை ஒட்டி இருந்தால் நல்லது. கொஞ்சம் மேலே போனால் பரவாயில்லை. பரண்மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்க்காதீர்கள்.

எதிரே ஜன்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாலை வெயில் நேராகத் திரையில் விழுந்தால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் உங்கள் முகம்தான் தெரியும். பாத்ரூமுக்குப் பொதுவான சுவரில் மாட்டாதீர்கள். வருடம் முழுக்க ஓதம் ஏறும் சுவர் அது. பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்து, கழற்றவே முடியாமல் வந்த டிவியை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு கட்டிக்கொண்டிருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள்: டிவி வரும் சுவரில் ஒயருக்கு இரண்டு இன்ச் பைப் புதைக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் வழக்கம்போல முக்கால் இன்ச் பைப் போட்டுவிடுவார். படத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் கொண்டுவரும் ஹெச்டிஎம்ஐ ஒயரின் தலை அதற்குள் நுழையாது. பூச்சுவேலை, பெயின்ட் எல்லாம் முடிந்து கிரகப்பிரவேசமும் ஆன பிறகுதான் இது தெரியவரும். அப்புறம் சுவரில் ஒயர் பாம்பு மாதிரி தொங்கும்.

கடையில்

கடையில் ஓடுவது கடைக்கென்று எடுத்த படம். கடலுக்கடியில் மீன், வெட்டிய மாதுளம்பழம், பாலைவனத்தில் சூரியன். அதில் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். போதாததற்குக் கலரும் வெளிச்சமும் முழுசாக ஏற்றிவைத்திருப்பார்கள். கூச்சப்படாமல், "அண்ணே, செட்டாப் பாக்ஸில் ஒரு நியூஸ் சேனல் போடுங்க" என்று கேளுங்கள். நீங்கள் வீட்டில் பார்க்கப்போவது அதைத்தான். செய்தி வாசிப்பவரின் முகம் இயல்பான தோல் நிறத்தில் இருக்கிறதா, கீழே ஓடும் எழுத்து பிசிறில்லாமல் இருக்கிறதா பாருங்கள். பிறகு பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து நின்று பாருங்கள். சில டிவியில் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்காரும் வீட்டுக்கு அது ஆகாது.

எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி என்று விற்பவர் அடுக்குவார். எல்இடி டிவி என்பது எல்சிடி திரைக்குப் பின்னால் எல்இடி விளக்கு வைத்தது. க்யூஎல்இடியும் அதே வகைதான். நிறம் தூக்கலாக வர நடுவில் ஒரு படலம் கூடுதல். ஓஎல்இடி வேறு சாதி. அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்பு என்றால் மையிருட்டு. சினிமா பார்க்க அதற்கு ஈடு இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்குச் செய்தியில் தொடங்கி ராத்திரி பதினொன்று வரை ஒரே சேனல் ஓடும் வீடாக இருந்தால் நான் வேண்டாம் என்பேன். மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் சின்னம் நாளடைவில் திரையில் தழும்பாகத் தங்கிவிடும். எல்இடிக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை.

32 இன்சுக்கு ஹெச்டி ரெடி போதும் என்பார்கள். அதில் 1366க்கு 768 புள்ளிகள். செல்போனைவிடக் குறைவு. விலை கொஞ்சம் கூடினாலும் ஃபுல் ஹெச்டி கிடைத்தால் அதை எடுங்கள். 43இலிருந்து மேலே இப்போது பெரும்பாலும் 4கேதான். முன்பெல்லாம் 32ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 28 சதவீதம், அதற்குள் என்றால் 18. அதனாலேயே 32இல் நின்றவர்கள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 சதவீதம்தான். அந்தக் காரணம் இனி இல்லை.

பின்னால் திருப்பி ஓட்டைகளையும் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ மூன்றாவது இருக்கட்டும். அதில் ஒன்றில் ஏஆர்சி என்று எழுதியிருக்க வேண்டும். சவுண்ட்பார் அதில்தான் சொருகுவது. ஓட்டைகள் பக்கவாட்டைப் பார்த்து இருந்தால் உத்தமம். நேராகச் சுவரைப் பார்த்திருந்தால், மாட்டிய பிறகு ஒரு பென்டிரைவ் சொருகுவதற்குள் கை சிராய்த்துவிடும்.

ஸ்மார்ட் டிவியின் மூளையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். திரை எட்டுப் பத்து வருடம் நன்றாக உழைக்கும். உள்ளே இருக்கும் மூளை நாலைந்து வருடத்தில் திணற ஆரம்பிக்கும்; ஆப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டிவியே போய்விட்டது என்று எண்ணி மாற்றாதீர்கள். ஆப்புகளை ஓட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கி ஹெச்டிஎம்ஐயில் சொருகினால் புது மூளை வந்துவிடும். ஆகவே காசைத் திரையின் தரத்தில் போடுங்கள், ஆப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். கேள்விப்படாத பெயரில் பாதி விலைக்கு வரும் டிவிக்கு ஒரே கேள்வி: "உங்கள் சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார்?" பதில் சென்னை என்றால், டிவி கெட்டால் என்னிடம்தான் வருவீர்கள். எனக்கும் அதன் போர்டு கிடைக்காது.

வந்து இறங்கிய அன்று

பெட்டி நிமிர்ந்தே வர வேண்டும். படுக்க வைத்து, மேலே ஒரு மிக்ஸியையும் ஏற்றிக் கொண்டுவந்தால் வண்டியின் குலுக்கலில் கண்ணாடி விரிசல் விடும். ஆள் வந்து பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். முழு வெள்ளை, முழு சிவப்பு, முழு கறுப்பு என்று ஒரே நிறம் காட்டும் வீடியோ யூடியூபில் கிடைக்கும். அதைப் போட்டுப் புள்ளி செத்திருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று அப்போதே பாருங்கள். ஸ்டாண்டு கால்களையும் அதன் ஸ்க்ரூவையும் ஒரு பையில் போட்டு டிவிக்குப் பின்னாலேயே கட்டித் தொங்கவிடுங்கள். வீடு மாறும்போது தேடுவீர்கள். அட்டைப் பெட்டி, தெர்மோகோல் இரண்டும் பரணில் இருக்கட்டும்.

சுவரில் ட்ரில் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். பூச்சில் மட்டும் ஸ்க்ரூ நின்றால் ஒருநாள் ராத்திரி தடாலென்று விழும். செங்கல்வரை இறங்க வேண்டும். சிவப்புத் தூள் கொட்டினால் சரி, வெறும் சிமென்ட் தூள் என்றால் இன்னும் உள்ளே போகச் சொல்லுங்கள். மேஜையில் வைப்பதாக இருந்து வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால், பின்னால் ஒரு பட்டை போட்டுச் சுவரோடு கட்டியே ஆக வேண்டும். பிள்ளை திரையைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பார்க்கும்.

அப்புறம் செட்டிங். முதல் தடவை போடும்போது வீடா, கடையா என்று கேட்கும். வீடு என்று கொடுங்கள். படத்தை விவிடிலிருந்து மாற்றி மூவி அல்லது சினிமா என்று வையுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பிறகு பழகிவிடும். பேக்லைட்டை நூறிலிருந்து அறுபது எழுபதுக்கு இறக்குங்கள். கண்ணுக்கும் இதம், உள்ளே இருக்கும் எல்இடி பட்டைக்கும் ஆயுள் கூடும். சினிமா பார்த்தால் ஏதோ சீரியல் ஷூட்டிங் மாதிரி வழவழவென்று ஓடுகிறதே என்று தோன்றினால், பெயரில் மோஷன் என்று வரும் ஒரு வசதி ஆனில் இருக்கும். அணைத்துவிடுங்கள்.

இனி என் தனிப்பட்ட ஆதங்கம். அறுபதாயிரம் கொடுத்து 4கே டிவி வாங்கியிருப்பார்கள். "படம் பழைய டிவி அளவுக்குக்கூட இல்லையே" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் வந்துகொண்டிருக்கும்! பழைய எஸ்டி பாக்ஸ். பத்து வருடத்துக்கு முந்தைய தண்ணிக்குழாயைத்தான் புதுத் தொட்டிக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பேன். ஆபரேட்டரிடம் சொல்லி ஹெச்டி பாக்ஸ் வாங்கி, ஹெச்டிஎம்ஐயில் கொடுங்கள். சிலர் முகமெல்லாம் பூசணிக்காயாகத் தெரிகிறது என்பார்கள். அது சதுரப் படத்தை இழுத்து நீட்டி வைத்திருப்பது. படத்தின் வடிவம் ஒரிஜினல் அல்லது ஆட்டோவில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இன்னொரு சங்கடம். கை தவறி சோர்ஸ் பட்டனை அமுக்கிவிடுவார்கள். நோ சிக்னல் என்று வந்து நிற்கும். மகன் பெங்களூரில், மகள் துபாயில். நான் போய் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வருவேன். அதற்குக் காசு வாங்க மனம் வராது, காபி குடித்துவிட்டு வருவேன். இதற்கு வழி இருக்கிறது. செட்டிங்கில் சிஇசி என்பதை ஆன் செய்தால், பாக்ஸும் அதற்கு ஒத்துழைத்தால், ஒன்றைப் போட்டதும் மற்றதும் சேர்ந்து வரும். இல்லாவிட்டால் பாக்ஸ் ரிமோட்டிலேயே டிவியின் பவர் பட்டனைப் பழக்கிக்கொடுக்கலாம். பிறகு டிவி ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். ஒரு வீட்டில் தேவையான நாலு பட்டனுக்கு மட்டும் நெயில் பாலிஷ் வைத்துக் கொடுத்தேன். இன்றுவரை அவர்களிடமிருந்து போன் இல்லை.

கரண்ட்

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை வந்தால் இடி தலைமேல் இறங்கும். இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். கேபிள் ஒயரையும் பிடுங்க வேண்டும். மின்னல் கேபிள் வழியாகப் பாக்ஸுக்கு வந்து, ஹெச்டிஎம்ஐ வழியாக உள்ளே நுழைந்து மெயின் போர்டைத் தின்றுவிட்டுப் போகும். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேனே என்று கையைப் பிசைந்து நின்றவர்கள் உண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. ஊரில் கம்பமே நிற்கவில்லை. பல நாள் இருட்டுக்குப் பிறகு தெருத் தெருவாகக் கரண்ட் வந்தபோது ஒரே தெருவிலிருந்து வரிசையாக டிவி வந்தது. எல்லாமே பவர் போர்டு கருகியவை. கம்பத்தில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரைகூட ஏறிவிடும். அடையாளம் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபேன் திடீரென்று பேய் பிடித்த மாதிரி சுற்றும், பல்பு பளீரென்று எரியும். அந்த நொடியே ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். டிவியை அணைக்கப் போகாதீர்கள், மெயினுக்குப் போங்கள். நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு கரண்ட் வந்தால், பத்து நிமிடம் லைட்டை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் டிவியைச் சொருகுங்கள்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்பார்கள். டிவியின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். லோ வோல்டேஜை அதுவே சமாளித்துக்கொள்ளும். கொல்வது ஹை வோல்டேஜ்தான். உங்கள் தெருவில் 240ஐ அடிக்கடி தாண்டுகிறது என்றால், வோல்டேஜ் ஏறினால் தானே துண்டித்துவிடும் ஹை கட் உள்ளதாகப் பார்த்து ஒன்று வாங்குங்கள். எர்த் சரியாக இருக்கட்டும்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயம் வேண்டாம். நூறு வாட் டிவி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 18 யூனிட், இரண்டு மாத பில்லில் 36 யூனிட். உண்மையில் எத்தனை வாட் என்பது முதுகிலேயே எழுதியிருக்கும்.

கெட்டுவிட்டால்

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் உடனே டிவியைத் தூக்கிப்போடாதீர்கள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் ஆள் நிழல் மாதிரி மங்கலாக அசைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது. எல்இடி பட்டை மாற்றினால் பல வருடம் ஓடும். செலவும் பேனலோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஆனால் பட்டை மாற்ற பேனலைத் தனியாகத் தூக்கி வைக்க வேண்டும். அப்பளத்தைத் தூக்குவது போல. அந்த வேலையைச் செய்து பழகிய ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். கோடு விழுந்தாலோ, மை கொட்டியது போலக் கறுப்பு பரவினாலோ பேனல் போய்விட்டது. செலவழிக்காதீர்கள் என்று நானே சொல்லிவிடுவேன். பந்து பட்டு உடைந்ததற்கு வாரண்டி கிடையாது.

துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், டிவியை அணைத்து ஆறிய பிறகு. கைரேகை போகவில்லை என்றால் துணியின் ஒரு முனையை லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்து, அந்த இடத்தை மட்டும் தொடுங்கள். திரையில் நேராக எதையும் ஸ்ப்ரே செய்யாதீர்கள். பின்பக்கக் காற்றோட்டத் துளைகளில் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பல்லிக்கு அந்த இளஞ்சூடு பிடிக்கும். பவர் போர்டில் ஒட்டியபடி கருகிக் கிடந்த பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு ஃபியூஸ் மாற்றியது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. பூஜைக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்றால் மேஜைக்கோ ஸ்டாண்டுக்கோ வையுங்கள். எங்கள் வீட்டில் ஸ்டாண்டுக்குத்தான்.

பழைய பெட்டி டிவி மூலையில் கிடந்தால் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளை விட்டு உடைக்கவிடாதீர்கள்; அந்தக் குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் கொடுத்துவிடுவதில்லை. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி ஒன்று இன்னும் என் கடைக்கு வருகிறது. கீழப்பாலத்துப் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆயாவுடையது. மகன் 43 இன்ச் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். ஆயாவுக்கு அடுப்புக்குப் பக்கத்தில் பார்க்க இதுதான் வேண்டுமாம். புகை படும், எண்ணெய் தெறிக்கும், ஈரக்கையோடு சேனல் மாற்றும். போன மாதம் வால்யூம் பட்டன் மாற்றிக் கொடுத்தேன்.